முகம் திருப்பி விழுந்தவர்

இத்தனை வாரமும் அடுத்தவர் வீட்டுக் கல்யாணங்களைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு அது ஒரு சௌகரியம். மண்டபத்தில் யார் யாரோடு சண்டை போட்டாலும் அது நம் சண்டை இல்லை.

இந்த வாரம் சொல்லப்போவது எங்கள் சொந்தத்தில் நடந்த கல்யாணம். எழுதலாமா என்று சம்பந்தப்பட்டவரிடமே போனில் கேட்டேன். "எல்லாவற்றையும் எழுதுவதானால் எழுதுங்கள்" என்றார்.

சிதம்பரத்தில் தெற்கு வீதிப் பக்கம் ஒரு மண்டபம். தாலி கட்டியாகிவிட்டது. முதல் பந்தி உட்கார்ந்திருந்தது. மாடியிலிருந்து சாம்பார் வாசனை இறங்கி, சந்தன வாசனையோடு கலந்து, எல்லோருக்கும் பசியைக் கிளப்பிக்கொண்டிருந்தது. கூடத்தின் நடுவில் நாற்காலிகளை ஒதுக்கி வட்டமாக இடம் பண்ணியிருந்தார்கள். அந்த வட்டத்துக்குள், எழுபதை எட்டப்போகிற ஜப்பான்காரர் ஒருவர், புது வேட்டியும் நெற்றியில் குங்குமமுமாக நின்றிருந்தார்.

"சார், ஒரே ஒரு தடவ சார். உங்க அப்பா மாதிரி விழுந்து காட்டுங்க சார்!"

கேட்டது என் மச்சான் பிரகாஷ். என் மனைவி சுமதியின் தம்பி. சுற்றி அவனுடைய கூட்டாளிகள். எல்லோர் கையிலும் போன் தயாராக இருந்தது.

ஜப்பான்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கேமரா திரைக்குள் தலையை விட்டுக்கொண்டு ஃபோகஸ் சரிபார்ப்பதுபோல் பாவனை செய்தேன். ஃபோகஸ் சரியாகத்தான் இருந்தது.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி சுமதியிடம் கொடுத்தார்.

மாடிக்கு வந்தவர்

அவர் பெயர் தகேமுரா. சொந்த ஊர் கியோட்டோ. கடலூர் முதுநகருக்குத் தெற்கே ஒரு தொழிற்சாலையில் புதிதாக வந்து இறங்கிய இயந்திரங்களைப் பொருத்திக் கொடுக்க வந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அவருடைய கம்பெனி அவரைத்தான் அனுப்பியது. மனைவி தவறிவிட்டார். பிள்ளைகள் இல்லை. மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார். கீழே முன்பக்கம் என் ஸ்டுடியோ, பின்பக்கம் நாங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரைவரை நடந்துபோய் மீன் வாங்கி வந்து சுமதியிடம் கொடுப்பார். சுமதி பையைத் திறந்து பார்ப்பாள்.

"என்னா சார், காரப்பொடி மீனுக்குப் போயி இவ்ளோ குடுத்திங்களா? ஜாஸ்தி சார். நல்லா ஏமாத்திட்டாளுங்க."

"சரி, சரி" என்பார் அவர். தமிழில் அவருக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தை அது. தெரிந்த மற்ற இரண்டு 'போதும்', 'மன்னிக்கணும்'. எங்களுக்குள் நடந்த பேச்செல்லாம் அவருடைய உடைந்த இங்கிலீஷ், என்னுடைய அதைவிட உடைந்த இங்கிலீஷ், அதுவும் போதாதபோது போனில் இருந்த மொழிபெயர்ப்பு. இங்கே நான் தமிழில் எழுதும் அவர் பேச்சு அப்படித் திரட்டியது. ஆனால் தமிழ் கேட்டால் நாங்கள் நினைத்ததைவிட அவருக்கு அதிகமாகவே புரிந்தது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒருநாள் மத்தியானம் ஸ்டுடியோவுக்கு வந்து ஒரு ஹார்டு டிஸ்க்கை மேஜைமேல் வைத்தார்.

"இதில் என் அப்பா இருக்கிறார்."

குடும்ப வீடியோ என்று நினைத்தேன். திறந்தால் அத்தனையும் பழைய ஜப்பானியப் படங்கள். பாதிக்குமேல் கறுப்பு வெள்ளை.

"உங்க அப்பா நடிகரா சார்? ஹீரோவா?"

"இல்லை. ஹீரோவிடம் வெட்டுப்படுகிறவர்."

அப்பா வருகிற துண்டுகளை மட்டும் ஒவ்வொரு படத்திலிருந்தும் வெட்டி எடுத்து வரிசையாகக் கோத்து ஒரே படமாக்கித் தரவேண்டும் என்றார். ஓய்வு பெற்ற பிறகுதான் அந்தப் படங்களைத் தேடித்தேடி வாங்க ஆரம்பித்திருக்கிறார். அதுவரை ஒன்றைக்கூடப் பார்த்ததில்லையா என்று கேட்டேன். "ஒன்று பார்த்தேன். சின்ன வயதில்" என்றார்.

பெரிய அறை

அந்த வேலை மாதக்கணக்கில் இழுத்தது. முகூர்த்தம் இல்லாத நாட்களில் நானும் அவரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவோம். அப்படித்தான் ஒரு மனிதரின் தொழில் வாழ்க்கை முழுவதையும் துண்டுதுண்டாகப் பார்த்தேன்.

உலகப்போர் முடிந்த பசிக்காலம். அவருடைய அப்பாவுக்கு அப்போது இருபதுகூட ஆகவில்லை. கியோட்டோவில் ஒரு சினிமா ஸ்டுடியோவில் செட் போடும் தச்சர்களுக்குப் பலகை சுமக்கும் வேலைக்குப் போயிருக்கிறார். ஒரு நாள் சண்டைக் காட்சிக்கு ஆள் குறைந்திருக்கிறது. பலகையோடு போனவரைக் கூப்பிட்டு, தலையில் குடுமி வைத்த விக்கை மாட்டி, ஹீரோ வாளை வீசியதும் விழு என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் விழுந்த விதம் இயக்குநருக்குப் பிடித்துப்போய்விட்டது. மாதச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டார்கள்.

பெரிய நடிகர்களுக்குத் தனித்தனி அறை. இவரைப் போன்றவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே பெரிய அறை. அதனால் அவர்களுக்குப் பெயரே 'பெரிய அறைக்காரர்கள்'. காலையில் ஒரு படத்தில் கொள்ளைக்காரன், மத்தியானம் வேறொரு படத்தில் காவல்காரன், சாயங்காலம் இன்னொன்றில் வழிப்போக்கன். வேஷம் எதுவானாலும் முடிவு ஒன்றுதான். ஹீரோ வாளை உருவுவார். இவர் சாவார்.

"அது வாளே இல்லை. மூங்கில். மேலே வெள்ளித்தாள் ஒட்டியிருக்கும்" என்றார் தகேமுரா சார். "ஹீரோ சும்மா காற்றில் வீசுவார். என் அப்பா எப்படி விழுகிறாரோ அதில்தான் அந்த வாளுக்குக் கூர்மை வரும்."

அது உண்மை. குதிகாலை உயர்த்தி, உடம்பை வில் மாதிரி பின்னால் வளைத்து, ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு சரிவார். படிக்கட்டில் உருண்டு சாவார். ஆற்றில் மிதந்து சாவார். ஒரு படத்தில் விக்கை மாற்றிக்கொண்டு வந்து மூன்று தடவை செத்தார். அதைக் கண்டுபிடித்த அன்று இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

குளிர்காலத்துப் படப்பிடிப்பில் செத்துக் கிடப்பவர் வாயிலிருந்து மூச்சு புகையாக வெளியே வருமாம். பிணத்தின் வாயில் புகை வந்தால் காட்சி கெட்டுவிடும். அதற்காக வாய் நிறைய ஐஸ் கட்டியை அடக்கிக்கொண்டு விழுவார்களாம். வெட்டவெளியில், உறைபனி விழுந்த தரையில், வாயில் ஐஸோடு, 'கட்' என்று குரல் வரும்வரை.

நான் சாவு வீடுகளுக்கும் வீடியோ எடுக்கப் போகிறவன். நிஜமாகச் செத்தவர்களின் முகத்தில் ஒன்றுமே இருக்காது. இவர் முகத்தில் எப்போதும் ஏதாவது இருந்தது. ஒரு தடவை ஆச்சரியம், ஒரு தடவை கோபம், ஒரு தடவை, அட, இவ்வளவுதானா என்கிற மாதிரி ஒரு பார்வை. ஹீரோ தன் அழகான முகத்தை அடுத்த ஆள் பக்கம் திருப்பியிருப்பார். பின்னால் மூலையில் இவர் தன் பங்கை முழுசாக முடித்துக்கொண்டிருப்பார்.

டைட்டிலில் பெயர் கிடையாது. பெரிய அறைக்காரர்களுக்குப் பெயர் போடுகிற வழக்கமே இல்லையாம்.

முதுகு

இடைப்பட்ட ஒரு படத்தில் அவருக்கு நிஜமான வேஷம் கிடைத்திருந்தது. பிரபு ஒருவரைக் காட்டிக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்கிற வேலைக்காரன். வசனம் உண்டு. கேமரா முகத்துக்கு அருகில் வருகிறது. அவர் மண்டியிட்டு, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டு, மூக்கு ஒழுக, "கொல்லாதீர்கள், வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது" என்று கெஞ்சுகிறார். கெஞ்சும்போதே வெட்டு விழுகிறது.

நான் அதை ஓடவிட்டு நிறுத்தி, மறுபடி ஓடவிட்டுப் பார்த்தேன். இத்தனை வருடம் எத்தனையோ முகங்களை நெருக்கத்தில் எடுத்திருக்கிறேன். அப்படி ஒரு பயத்தைப் பார்த்ததில்லை. தகேமுரா சார் அந்தத் துண்டு ஓடும்போது மட்டும் எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகு வந்த படங்களில்தான் அந்த வித்தியாசத்தைக் கவனித்தேன். முகமே இல்லை. வெட்டு விழுந்ததும் அப்படியே சுழன்று, முதுகைக் காட்டிக்கொண்டு குப்புற விழுகிறார். எல்லாப் படத்திலும் அப்படித்தான். சில படங்களில் கூடை மாதிரி பெரிய பின்னல் தொப்பியால் முகத்தை மூடியிருந்தார். பலகை சுமந்ததால் இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். அந்தத் தோளை வைத்துத்தான் அவர் என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

"சார், இந்தப் படத்துக்கு அப்புறம் உங்க அப்பா முகத்தையே காட்டலியே. ஏன் சார்?"

"ஆமாம்" என்றார். "அடுத்த படத்தைப் போடுங்கள்."

பிறகு டெலிவிஷன் வந்தது. படங்கள் குறைந்தன. பெரிய அறையில் ஆட்களைக் குறைத்தார்கள். அப்பா டெலிவிஷன் தொடர்களில் விழுந்தார். அதுவும் குறைந்தபோது, ஸ்டுடியோவைச் சுற்றிப்பார்க்க வருகிற பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்னால் வாள்சண்டை காட்டி விழுந்தார்.

"நிஜமாக அவர் இறந்தபோது நான் தாய்லாந்தில் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன்" என்று முடித்துவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் நான்

பிரகாஷ் பைக் ஷோரூமில் வேலை பார்க்கிறவன். சாயங்காலமானால் ஸ்டுடியோவில் வந்து உட்காருவான். என் கம்ப்யூட்டரில் அந்தத் துண்டுகளைப் பார்த்துவிட்டு, நான் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் நாலைந்தைத் தன் போனுக்கு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். ஒரு டப்பாங்குத்து மியூசிக்கைச் சேர்த்து, ஒவ்வொரு சாவுக்கும் கீழே ஒரு வரி எழுதி இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டான். வில்லாக வளைந்து விழுவதற்கு, 'திங்கட்கிழமை காலையில் நான்'. மண்டியிட்டுக் கெஞ்சுவதற்கு, 'மேனேஜரிடம் லீவு கேட்கும் நான்'.

சுமதிதான் முதலில் பார்த்தாள்.

"ஏங்க, இது மாடி சாரோட அப்பாதான? யாருங்க இப்படிப் பண்ணது?"

நான் பிரகாஷைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன்.

"எடுத்துடறேன் மாமா. ஆனா எடுத்து இன்னா பிரயோஜனம்? லட்சத்தத் தாண்டிப் போயிடுச்சி. ஆளாளுக்கு எடுத்துப் போட்டுட்டானுங்க." பிறகு குரலைத் தாழ்த்தினான். "கீழ நம்ம ஸ்டுடியோ பேரு போட்டிருக்கேன், பாத்திங்களா?"

பார்த்திருந்தேன். அந்த வாரமே அதைப் பார்த்துவிட்டு இரண்டு கல்யாண ஆர்டர் வந்திருந்தது. "சரி, இனிமே இப்படிப் பண்ணாத" என்றேன். எடுக்கச் சொல்லி மறுபடி கேட்கவில்லை. மாடியில் இருக்கிறவர் இன்ஸ்டாகிராம் பக்கமே போகாதவர், அவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

சுமதி மட்டும் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அடுத்த வாரம் சிதம்பரத்தில் சுமதியின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். சித்தப்பா டைல்ஸ் கடைக்காரர், மரியாதை பார்க்கிற மனிதர். வீடியோ நான்தான். தகேமுரா சாரும் வரவேண்டும் என்று சுமதி வேட்டி எடுத்துக் கொடுத்து அழைத்துவந்தாள்.

நடுக்கூடம்

தாலி கட்டி முடிந்த சந்தோஷத்தில் பிரகாஷ் கூட்டாளிகளிடம் சொல்லிவிட்டான். "டேய், அந்த லீவு கேக்குற ஆளு இல்ல? அவரோட புள்ளதான்டா இவரு."

அப்புறம்தான் நாற்காலிகளை ஒதுக்கினார்கள், வட்டம் போட்டார்கள். சார், சார் என்று கெஞ்சினார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பிரகாஷைப் பார்த்து இங்கிலீஷில் நிதானமாகக் கேட்டார்.

"எது வேண்டும்? திங்கட்கிழமையா, லீவா?"

அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பிரகாஷுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. "லீவு சார், லீவு!" என்று கத்தினான். சுவரில் சாய்த்து வைத்திருந்த கேமராவைத் தாங்கும் என் மோனோபாட் கம்பியை எடுத்து வாள்போல் தூக்கிப் பிடித்தான்.

அவர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு மெதுவாக ஒவ்வொரு முட்டியாக மடக்கி மண்டியிட்டார். கையைச் சேர்த்துக் கும்பிட்டார். முகத்தை நேராக என் கேமராவுக்குத் திருப்பினார். ஜப்பானிய மொழியில் கெஞ்ச ஆரம்பித்தார். அதே வசனம். நான் அதைப் பலமுறை கேட்டிருந்ததால் சத்தத்தை வைத்தே தெரிந்தது. தாடை நடுங்கியது. எச்சில் தெறித்தது. வெள்ளை முடிக் கற்றை நெற்றிக் குங்குமத்தில் ஒட்டிக்கொண்டது.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. விசில் அடித்தார்கள். பிரகாஷ் கம்பியை வீசினான். அவர் உடம்பைப் பின்னால் வளைத்து, மல்லாக்க, முகம் மேலே பார்க்க, கிரானைட் தரையில் சரிந்தார்.

எழுந்திருக்கவில்லை.

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. மேளக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கண்ணைத் திறந்தபடி, மூச்சு அசையாமல் அவர் கிடந்தார். "ஐயய்ய, என்னாது இது, நல்ல காரியம் நடக்குற எடத்துல" என்று ஒரு பெண்குரல் கேட்டது. மேடையில் மணப்பெண் எழுந்து நின்றுவிட்டாள்.

சித்தப்பா ஓடி வந்தார். எனக்கு அவர் மாமா முறை. முகம் சிவந்திருந்தது.

"இன்னா மாப்ள இது? தாலி கட்டி ஒரு மணி நேரம் ஆவல. நடுக்கூடத்துல பொணமாட்டம் படுத்துக் கெடக்குறான்! யாரு இந்த ஆளக் கூட்டியாந்தது?"

பிரகாஷ் அதற்குள் கூட்டாளிகளுக்குப் பின்னால் மறைந்துவிட்டான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவரு கொஞ்சம் ஒரு மாதிரி மாமா" என்றேன். "வெளிநாட்டுக்காரரு. நம்ம மொற தெரியாது. தப்பா எடுத்துக்காதிங்க."

தரையில் கிடந்தவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். பிறகு கையூன்றி எழுந்தார். மேடையில் இருந்த பிள்ளையையும் பெண்ணையும் பார்த்து இடுப்புவரை குனிந்து வணங்கினார். சித்தப்பாவைப் பார்த்துக் குனிந்தார். "மன்னிக்கணும்" என்றார். சுத்தமான தமிழ் உச்சரிப்பு. வாசலை நோக்கி நொண்டிக்கொண்டே நடந்தார்.

சுமதி கையில் அவருடைய கண்ணாடியோடு என் பக்கத்தில் வந்தாள்.

"அவரா ஒரு மாதிரி?" என்று கேட்டுவிட்டு அவர் பின்னால் போனாள்.

வாழைமரத்தடியில்

நான் போனபோது வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தின் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுமதி காப்பி டம்ளரைக் கையில் கொடுத்திருந்தாள். வேட்டியில் முட்டிக்கு நேரே அழுக்கு ஒட்டியிருந்தது.

"அடி பட்டுடுச்சா சார்? கால நீட்டுங்க" என்றாள் சுமதி.

"சரி, சரி" என்றார்.

நான் ஆரம்பித்தேன். "சார், அந்த வீடியோ... பிரகாஷ் தெரியாம..."

"தெரியும். தொழிற்சாலை கேன்டீனில் காட்டினார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மேஜையில் எல்லோரும் சிரித்தார்கள். ஜப்பான் ஆள் போலிருக்கே, யார் என்று தெரியுமா என்று கேட்டார்கள்." காப்பியை ஒரு வாய் குடித்தார். "தெரியாது என்றேன்."

சாலையில் ஒரு பஸ் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு போனது. அது போகும்வரை காத்திருந்தார்.

"அந்தப் படம் வந்தபோது எனக்குப் பத்து வயது. அப்பாவுக்கு வசனம் இருக்கிறது என்று அம்மா தெரு முழுக்கச் சொன்னார். படம் பார்த்த மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்ததும் பையன்கள் மண்டிபோடுவார்கள். கும்பிடுவார்கள். கொல்லாதீர்கள், வீட்டில் குழந்தை இருக்கிறது என்பார்கள். அந்தக் குழந்தை நான்தானே. ஒருநாள் சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். இனிமேல் விழும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள் என்று."

"அப்பா இன்னா சொன்னாரு?" சுமதி தமிழிலேயே கேட்டாள். அவருக்குப் புரிந்தது.

"அப்படியா என்றார். சாப்பிட்டு முடித்தார். அவ்வளவுதான். அந்த இயக்குநர் மறுபடி ஒரு நல்ல வேஷத்துக்குக் கூப்பிட்டாராம். எனக்கு வசனம் வராது என்று சொல்லி அப்பா மறுத்துவிட்டார். அம்மா பல வருடம் கழித்துச் சொன்னார்."

சுமதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அவருடைய முட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கேன்டீனில் தெரியாது என்று சொன்னது, நான் அப்பாவை மறைத்த இரண்டாவது முறை" என்றார். "இன்று அந்தப் பையன் எல்லோர் முன்னாலும் உங்கள் அப்பா என்று சொன்னான். அதனால் விழுந்தேன். முகத்தைத் திருப்பாமல் விழுந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க நினைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. அப்பாவால் தாங்கியிருக்க முடியும். தாங்க முடியாதவன் நான்தான்."

காப்பி டம்ளரைச் சுமதியிடம் கொடுத்துவிட்டு, "போதும்" என்றார்.

சத்தத்தோடு

வீட்டுக்கு வந்ததும் சுமதி என்னைப் பிடித்துக்கொண்டாள். பிரகாஷையும் என்னையும் சேர்த்து ஒரு மூச்சுத் திட்டினாள்.

"எனக்கு மட்டும் கஷ்டமா இல்லியா?" என்றேன். "அவ்ளோ பேரு சிரிச்சப்ப நான் ஒருத்தன்தான் சிரிக்காம நின்னேன்."

நான் சொன்னதை நான் நம்பித்தான் சொன்னேன்.

பிரகாஷ் தன் பக்கத்திலிருந்து அந்த வீடியோவை எடுத்துவிட்டான். மற்றவர்கள் போட்டது இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒருநாள் காடாம்புலியூரிலிருந்து முழுப் பலாப்பழம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து மாடியேறினான். என்ன பேசினான் என்று தெரியாது. தகேமுரா சார் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டதாகச் சொன்னான்.

சித்தப்பா போன் செய்து, அந்த அபசகுனத்தைக் கல்யாண வீடியோவிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். அதே வாரம் தகேமுரா சார் ஸ்டுடியோவுக்கு வந்தார்.

"நான் விழுந்ததை அப்பாவின் படத்துக்குக் கடைசியில் சேர்த்துக் கொடுங்கள். சத்தத்தோடு."

அவர் மேலே போனதும் அந்தத் துண்டைத் திறந்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அவர் மண்டியிடுகிறார். கும்பிடுகிறார். கூட்டத்தின் சிரிப்பு கொஞ்சம் தூரத்தில், எதிரொலியோடு கேட்கிறது. அதற்கெல்லாம் முன்னால், மைக்கை ஒட்டினாற்போல், ஒரு சிரிப்பு. அடித்தொண்டையிலிருந்து குபுக்கென்று கிளம்பி, அடக்க முடியாமல் மறுபடி மறுபடி வருகிற சிரிப்பு.

கேமராவுக்கு அத்தனை பக்கத்தில் நின்றது ஒரே ஒரு ஆள்தான்.

திரும்பத் திரும்பக் கேட்டேன். வேறு யாராவதாக இருக்கக்கூடாதா என்று பார்த்தேன். கல்யாண வீடியோக்களில் எத்தனையோ பேருடைய அசிங்கமான பேச்சைச் சத்தமில்லாமல் அழித்துக் கொடுத்திருக்கிறேன். இதையும் அழிப்பது ஒரு நிமிட வேலை. மவுஸில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சத்தத்தோடு என்று அவர் சொல்லியிருந்தார்.

அழிக்கவில்லை. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அழித்தால் மட்டும் அந்தச் சிரிப்பு இல்லை என்று ஆகிவிடப்போவதில்லை.

மறுநாள் அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். முழுப் படத்தையும் ஓடவிட்டேன். அப்பா இளைஞராக விழுந்தார். வளைந்து விழுந்தார். கெஞ்சி விழுந்தார். இந்தத் தடவை அவர் ஜன்னலுக்குப் போகவில்லை. பிறகு முதுகு, முதுகு, முதுகு. கடைசியில் சிதம்பரத்து மண்டபம். ஸ்பீக்கரிலிருந்து என் சிரிப்பு ஸ்டுடியோ முழுக்கக் கேட்டது.

அவர் நிறுத்தச் சொன்னார்.

"இது யார்?"

"நான்தான் சார்."

மறுபடி ஓடவிடச் சொன்னார். தலையைச் சாய்த்து, இயந்திரத்தில் ஏதோ சத்தம் பிசகினால் கேட்பதுபோல் கேட்டார். அவர் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். தெரியவில்லை.

"எதற்குச் சிரித்தீர்கள்? எந்த இடம்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நீங்க கையெடுத்துக் கும்பிட்டீங்களே, அந்த எடம்."

அவர் தலையசைத்தார். திரையில் அவரே கும்பிட்ட நிலையில் உறைந்து நின்றிருந்தார். அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்று உங்கள் மனைவி இருந்ததால் ஒன்றைச் சொல்லவில்லை" என்றார். "பள்ளிக்கூடத்தில் பையன்கள் கேலி செய்வதற்கு முந்தின நாள் தியேட்டரில் அந்தப் படத்தைப் பார்த்தேன். என் வகுப்பு முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தது. அப்பா அப்படிக் கும்பிட்டதும் முதலில் சிரித்தது நான்தான். என்னைப் பார்த்துத்தான் மற்றவர்கள் சிரித்தார்கள்."